ஃபெரிக் குளோரைடும் சோடியம் கார்பனேட்டும் கலந்தால் உண்மையில் என்ன கிடைக்கும்?

தேன்சிட்டு எழுதியது:

வணக்கம். பதினொன்றாம் வகுப்பு, தமிழ் வழி. கைபேசியில் சூத்திரங்களுக்குக் கீழே சிறிய எண் போட வரவில்லை, ஆகவே எல்லாவற்றையும் பெயராகவே எழுதுகிறேன்.

"பின்வரும் உப்புக் கரைசல்களைக் கலந்தால் விளைவது என்ன? சமன்பாட்டை எழுதிச் சமன் செய்க" என்று பயிற்சித்தாள் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். மற்றவை வந்துவிட்டன. மூன்று மட்டும் வர மறுக்கின்றன.

ஒன்று, அலுமினியம் சல்பேட்டும் பேரியம் குளோரைடும். அலுமினியம் குளோரைடும் பேரியம் சல்பேட்டும் வரும் என்பது வரை தெரிகிறது. சமன் செய்யப் போனால் இடப்பக்கம் சல்பேட் மூன்று, வலப்பக்கம் ஒன்று. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று இடிக்கிறது. பேரியம் சல்பேட்டில் சல்பேட்டுக்குக் கீழேயே 3 போட்டுவிட்டால் வேலை முடிந்ததே என்கிறாள் என் தோழி. அது ஏன் கூடாது?

இரண்டு, பொட்டாசியம் குளோரைடும் சோடியம் நைட்ரேட்டும். கைடில் பொட்டாசியம் நைட்ரேட்டும் சோடியம் குளோரைடும் கிடைக்கும் என்று அச்சிட்டிருக்கிறது. வகுப்பில் வினையே நிகழாது என்றார்கள். யார் சொல்வது சரி?

மூன்று, தலைப்பில் உள்ளது. கைடில் இருக்கும் விடை இது:

2 ஃபெரிக் குளோரைடு + 3 சோடியம் கார்பனேட் → ஃபெரிக் கார்பனேட் + 6 சோடியம் குளோரைடு

எண்ணிப் பார்த்தேன், எல்லாம் சமமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆய்வகத்தில் இரண்டையும் சேர்த்தபோது சோதனைக்குழாயின் வாய் வரை நுரைத்து வந்தது. செம்பழுப்பு நிறத்தில் கூழ் போல ஒன்று அடியில் தங்கியது. கார்பனேட் அப்படியே வீழ்படிவாகியிருந்தால் நுரை எங்கிருந்து வந்தது?

கணக்குப்புலி எழுதியது:

எளிது. நேர் அயனிகளை இடம் மாற்றுங்கள், இணைதிறனைக் குறுக்கே இறக்குங்கள், பிறகு சமன் செய்யுங்கள். எல்லாக் கணக்குக்கும் இதே வழிதான். மூன்றாவதில் கைடு சொல்வது சரி. சமன்பாடு சமன் ஆகிவிட்டதே, பிறகு என்ன சந்தேகம்? ஃபெரிக் குளோரைடு கரைசலில் யாராவது அமிலம் கலந்து வைத்திருப்பார்கள், அதனால் நுரைத்திருக்கும்.

வாலைவடிநீர் எழுதியது:

தம்பி கணக்குப்புலி, அமிலத்தைப் பற்றிச் சொன்னீர்களே, அது நல்ல ஊகம். ஃபெரிக் குளோரைடு கரைசல் நாள்பட்டால் கலங்கிவிடும் என்பதால் ஆய்வக உதவியாளர்கள் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு வைப்பது வழக்கம்தான். ஆனால் ஒரு சொட்டு அமிலம் விடாமல் புதிதாகக் கரைத்து ஊற்றினாலும் அது நுரைக்கும். அதற்குப் பிறகு வருகிறேன். "சமன் ஆகிவிட்டது, ஆகவே சரி" என்ற உங்கள் வாதத்தை மட்டும் இப்போதே மறுத்துவிடுகிறேன். உலகத்தில் இல்லாத பொருளுக்கும் சமன்பாடு எழுதலாம். எண்கள் எதையும் மறுத்துப் பேசுவதில்லை.

தேன்சிட்டு, நான் விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவள். முதலில் உன் தோழியைக் கவனிப்போம்.

பேரியம் அயனியின் மின்சுமை 2+. சல்பேட்டின் மின்சுமை 2−. ஒன்றுக்கு ஒன்று சேர்ந்தால் கணக்கு தீர்ந்தது. ஒரு பேரியத்தின் தலையில் மூன்று சல்பேட்டைக் கட்டினால் அது 4− மின்சுமையோடு நிற்கும். அப்படி ஒரு உப்பு கிடையாது. சூத்திரத்தை மின்சுமை தீர்மானிக்கிறது. அதை எழுதி முடித்த பிறகு அதன் கீழே உள்ள எண்ணைத் தொடக் கூடாது. சமன் செய்யும்போது கைவைக்கக் கூடிய இடம் ஒன்றுதான், பொருளின் பெயருக்கு முன்னால்.

இப்போது சமன் செய். கைபேசியில் சிறிய எண் வராதது ஒரு வகையில் உனக்கு நல்லதாகப் போயிற்று. பிள்ளைகள் சல்பேட்டைப் பிய்த்துக் கந்தகம் எத்தனை, ஆக்சிஜன் எத்தனை என்று எண்ணித் தவிப்பார்கள். இங்கே சல்பேட் உடையவே இல்லை. முழுதாக வந்து முழுதாகப் போகிறது, ஆகவே முழுதாகவே எண்ணு. அலுமினியம் சல்பேட் ஒன்றில் அலுமினியம் 2, சல்பேட் 3. மூன்று சல்பேட்டுக்கு மூன்று பேரியம் வேண்டும், ஆகவே பேரியம் குளோரைடு 3. அவை கூடவே 6 குளோரைடைக் கொண்டுவருகின்றன. இரண்டு அலுமினியத்துக்குத் தேவைப்படும் குளோரைடும் சரியாக 6.

அலுமினியம் சல்பேட் + 3 பேரியம் குளோரைடு → 3 பேரியம் சல்பேட் ↓ + 2 அலுமினியம் குளோரைடு

அந்தக் கீழ்நோக்கிய அம்புக்குறியை அலங்காரமாக நினைத்துவிடாதே. இந்த வினை நடப்பதற்கே அதுதான் காரணம். கரைசலில் நடந்தது என்ன என்று பார். அலுமினியம் அயனி முன்பும் நீரில் மிதந்தது, இப்போதும் மிதக்கிறது. குளோரைடும் அப்படித்தான். இவை இரண்டும் பார்வையாளர் அயனிகள். பேரியமும் சல்பேட்டும் மட்டுமே நீரை விட்டு வெளியேறியிருக்கின்றன. ஆகவே நிகர அயனிச் சமன்பாடு இவ்வளவுதான்:

பேரியம் அயனி + சல்பேட் அயனி → பேரியம் சல்பேட் ↓

பேரியம் நைட்ரேட்டையும் மெக்னீசியம் சல்பேட்டையும் கலந்தாலும் இதே வரிதான் வரும். பேரியம் அயனி நஞ்சு. ஆனாலும் எக்ஸ்ரே எடுப்பதற்கு முன் நோயாளிக்குப் பேரியம் சல்பேட்டைக் கூழாகக் கரைத்துக் குடிக்கக் கொடுக்கிறார்கள். ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 2.5 மில்லிகிராம்தான் கரையும் என்ற துணிச்சலில் கொடுப்பது அது. குடலில் அயனியாகப் பிரிய மாட்டேன் என்று அது அடம்பிடிப்பதுதான் நோயாளிக்குப் பாதுகாப்பு.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். கைடு எழுதுபவர்கள் இந்த வினைகளைப் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் கல்யாணம் போல நடத்துகிறார்கள். இரண்டு வீடு இருந்தால் மாற்றிக் கட்டிவைத்துவிட வேண்டியதுதான். ஆனால் பொட்டாசியம், சோடியம், குளோரைடு, நைட்ரேட் நான்கையும் நீரில் போட்டால் நான்கும் தனித்தனியாகத் திரிகின்றன. எந்த இரண்டு சேர்ந்தாலும் கிடைக்கும் உப்பு நீரில் நன்றாகக் கரையக் கூடியது. எதுவும் வெளியேறாது. வீழ்படிவு இல்லை, வாயு இல்லை, நீர் உருவாவதும் இல்லை. உங்கள் வகுப்பில் சொன்னதே சரி, வினை நிகழாது என்று எழுது.

இதற்குக் கரைதிறன் விதிகள் மனப்பாடமாக இருக்க வேண்டும். இது ஒன்றை மட்டும் மனப்பாடம் செய் என்று நான் வெட்கமில்லாமல் சொல்வேன். சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் உப்புகள் கரையும். நைட்ரேட்டுகள் எல்லாம் கரையும். குளோரைடு, புரோமைடு, அயோடைடு கரையும், ஆனால் சில்வர், லெட், மெர்குரஸ் மூன்றோடும் சேர்ந்தால் கரையாது. சல்பேட் கரையும், ஆனால் பேரியம், ஸ்ட்ரான்சியம், லெட் தவிர. கால்சியம் சல்பேட் இரண்டுங்கெட்டான். கார்பனேட், பாஸ்பேட், ஹைட்ராக்சைடு ஆகியவற்றில் பெரும்பாலானவை கரையாது. முதலில் சொன்ன மூன்றின் உப்புகள் இங்கும் விதிவிலக்கு. பேரியம் ஹைட்ராக்சைடும் ஓரளவு நன்றாகவே கரையும்.

கால்சியம் சல்பேட்டை ஏன் இரண்டுங்கெட்டான் என்கிறேன்? லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம் கரையும். சமையல் உப்பு 360 கிராம் கரையும் இடத்தில் அது கொஞ்சம்தான். ஆனால் பேரியம் சல்பேட்டோடு ஒப்பிட்டால் மலை. கால்சியம் குளோரைடையும் சோடியம் சல்பேட்டையும் நீர்க்கக் கரைத்துக் கலந்தால் ஒன்றும் தெரியாது. செறிவாகக் கலந்தால் வெள்ளையாக விழும். ஒரே வினைக்கு ஒருத்தி "வீழ்படிவு" என்றும் பக்கத்தில் நின்றவள் "மாற்றமில்லை" என்றும் ஏட்டில் எழுதிக் கொண்டுவந்தால் இருவருக்கும் மதிப்பெண் போட்டிருக்கிறேன். தூத்துக்குடி உப்பளங்களிலும் இதைப் பார்க்கலாம். கடல்நீர் வெயிலில் வற்றிக்கொண்டே வரும்போது முதலில் கால்சியம் கார்பனேட், அடுத்து ஜிப்சம், அதாவது நீரோடு சேர்ந்த கால்சியம் சல்பேட், அதன் பிறகுதான் உப்பு விளையும். வெளியேறும் வரிசையைக் கரைதிறன்தான் தீர்மானிக்கிறது.

கைடுக்குச் சார்பாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன், அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்றாலும். பொட்டாசியம் குளோரைடையும் சோடியம் நைட்ரேட்டையும் செறிவாகக் கரைத்துக் கொதிக்க வை. கொதிநிலையில் 100 மில்லி நீரில் பொட்டாசியம் நைட்ரேட் 240 கிராமுக்கு மேல் கரையும், சோடியம் குளோரைடு 40 கிராம்கூடக் கரையாது. ஆகவே நீர் வற்ற வற்ற உப்பு படிந்துவிடும். சூட்டோடு வடிகட்டிக் குளிர வைத்தால் பொட்டாசியம் நைட்ரேட் நீள ஊசிகளாக விளையும், ஏனென்றால் 20 டிகிரியில் அதன் கரைதிறன் 32 கிராமாகச் சரிந்துவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் சிலியின் பாலைவனத்திலிருந்து வந்த சோடியம் நைட்ரேட்டை ஜெர்மனியில் இப்படித்தான் வெடியுப்பாக மாற்றினார்கள். சோடியம் நைட்ரேட் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வெடிமருந்துக்கு ஆகாது. சிவகாசிப் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை, வெடியுப்பு மூட்டையை வீட்டு வாசலிலேயே பார்த்தவர்கள். ஆனால் இது கொதிக்கும் கொப்பரையின் கதை. உன் பயிற்சித்தாளில் கேட்டிருப்பது சாதாரண வெப்பநிலையில் உள்ள நீர்த்த கரைசலை. அங்கே விடை "வினை இல்லை".

இனி உன் நுரை. கலப்பதற்கு முன் இரண்டு கரைசல்களிலும் லிட்மஸ் தாளை நனைத்துப் பார்த்திருந்தால் பாதி விடை கிடைத்திருக்கும். ஃபெரிக் குளோரைடு நீல லிட்மஸைச் சிவப்பாக்கும். சோடியம் கார்பனேட் சிவப்பை நீலமாக்கும். உப்பு என்றால் நடுநிலை என்று நினைத்துக்கொள்கிறோம், இவை இரண்டுமே அப்படி இல்லை. 3+ மின்சுமை உள்ள சிறிய ஃபெரிக் அயனி தன்னைச் சூழ்ந்திருக்கும் நீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்து அவற்றிலிருந்து ஹைட்ரஜன் அயனியைக் கழற்றிவிடுகிறது. கார்பனேட் அயனி ஹைட்ரஜன் அயனி எங்கே கிடைக்கும் என்று காத்திருப்பது. இரண்டையும் ஒரே குழாயில் ஊற்றினால் ஒன்று கொடுக்கிறது, மற்றொன்று வாங்குகிறது. ஃபெரிக் அயனி ஹைட்ராக்சைடாக விழுகிறது, கார்பனேட் கார்பன் டை ஆக்சைடாகப் பறக்கிறது. நீ பார்த்த செம்பழுப்புக் கூழ் ஃபெரிக் ஹைட்ராக்சைடு.

2 ஃபெரிக் குளோரைடு + 3 சோடியம் கார்பனேட் + 3 நீர் → 2 ஃபெரிக் ஹைட்ராக்சைடு ↓ + 6 சோடியம் குளோரைடு + 3 கார்பன் டை ஆக்சைடு ↑

இங்கே கார்பனேட் உடைந்துவிட்டது, ஆகவே முழுதாக எண்ணும் சலுகை கிடையாது. ஆக்சிஜனை எண்ணியே ஆக வேண்டும். இடப்பக்கம் கார்பனேட்டில் 9, நீரில் 3, ஆக 12. வலப்பக்கம் ஹைட்ராக்சைடில் 6, வாயுவில் 6. சரியாக வருகிறது.

அலுமினியமும் குரோமியமும் இதே சாதி. 3+ மின்சுமையோடு வரும் இந்த மூன்றும் கார்பனேட்டைச் சந்தித்தால் ஹைட்ராக்சைடாகத்தான் விழும். உப்புப் பகுப்பாய்வில் மூன்றாம் தொகுதி என்று இவற்றை ஒன்றாக வைத்து, ஹைட்ராக்சைடாக வீழ்படிவாக்கிப் பிரிப்பதை நினைவில் வைத்துக்கொள்.

பாலாற்றங்கரை எழுதியது:

டீச்சர் சொன்ன அலுமினியம் கதையை நாங்கள் அன்றாடம் டன் கணக்கில் நடத்துகிறோம். குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை. ஆற்றுநீரில் படிகாரம், அதாவது அலுமினியம் சல்பேட், விடுகிறோம். அந்த நீரில் கால்சியம் பைகார்பனேட் ஏற்கெனவே கரைந்திருக்கும்.

அலுமினியம் சல்பேட் + 3 கால்சியம் பைகார்பனேட் → 2 அலுமினியம் ஹைட்ராக்சைடு ↓ + 3 கால்சியம் சல்பேட் + 6 கார்பன் டை ஆக்சைடு

ஹைட்ராக்சைடு பஞ்சு போலத் திரண்டு சேற்றுத் துகள்களை வாரிக்கொண்டு கீழே இறங்கும். கால்சியம் சல்பேட்டுக்கு நான் அம்புக்குறி போடவில்லை என்பதைத் தங்கை கவனிக்க வேண்டும். எங்கள் அளவில் அது கரைந்தேதான் இருக்கும். மழைக்காலத்தில் புதுவெள்ளம் வந்தால் நீரில் பைகார்பனேட் குறைந்துவிடும். அப்போது எவ்வளவு படிகாரம் கொட்டினாலும் பஞ்சு திரளாது, நீர் புளிப்பேறும், சுண்ணாம்பு சேர்க்க வேண்டிவரும். எவ்வளவு என்று முகவைகளை வரிசையாக வைத்துக் கலக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். சமன்பாட்டில் வரும் கணக்கு ஒரு தொடக்கம்தான், சேற்றின் குணம் நாளுக்கு நாள் மாறும்.

தேன்சிட்டு எழுதியது:

நன்றி டீச்சர், நன்றி அண்ணா. இப்போது நானாக ஒன்று செய்து பார்த்தேன். ஃபெரிக் சல்பேட்டும் சோடியம் பாஸ்பேட்டும். பாஸ்பேட் 3−, ஃபெரிக் 3+, ஒன்றுக்கு ஒன்று.

ஃபெரிக் சல்பேட் + 2 சோடியம் பாஸ்பேட் → 2 ஃபெரிக் பாஸ்பேட் ↓ + 3 சோடியம் சல்பேட்

சோடியம் இரண்டு பக்கமும் 6, சல்பேட் 3. சரிதானே?

அடுத்த தாளில் காப்பர் சல்பேட்டும் பொட்டாசியம் அயோடைடும் வருகிறது. உங்கள் விதிப்படி அயோடைடில் சில்வர், லெட், மெர்குரஸ் மட்டும்தான் கரையாது. அப்படியானால் காப்பர் அயோடைடு கரையும், பொட்டாசியம் சல்பேட்டும் கரையும். "வினை இல்லை" என்று எழுதிவிடலாமா? இது சரியா என்று கேட்பதற்கு முன் லிட்மஸ் பார்க்க வேண்டுமா?

வாலைவடிநீர் எழுதியது:

பாஸ்பேட் சரி. வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளையாக விழும்.

காப்பருக்கு லிட்மஸ் உதவாது அம்மா, இது வேறு வழியில் ஏமாற்றும். நீல நிறக் கரைசலில் பொட்டாசியம் அயோடைடை ஊற்றியதுமே குழாய் முழுக்கப் பழுப்பாகக் கலங்கும். ஒரு சொட்டு ஸ்டார்ச் விட்டால் கருநீலமாகிவிடும், அதாவது அயோடின் பிரிந்திருக்கிறது. அதன் மேல் சோடியம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டால் பழுப்பு மறைந்து, அதுவரை அதற்குள் ஒளிந்திருந்த வெள்ளைப் பொருள் வெளியே தெரியும். அது குப்ரஸ் அயோடைடு.

இதுவரை நாம் பார்த்தவற்றில் எந்த அயனியின் மின்சுமையும் மாறவில்லை. இங்கே மாறுகிறது. குப்ரிக் அயனி 2+ ஆக வந்து அயோடைடிடமிருந்து ஒரு எலக்ட்ரானைப் பெற்று 1+ ஆகிவிடுகிறது. எலக்ட்ரானைப் பறிகொடுத்த அயோடைடுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து அயோடின் ஆகின்றன. குப்ரிக் அயோடைடு என்ற பொருளைக் குப்பியில் அடைத்து வைக்க முடியாது. கைடு அதைத் தாராளமாக அச்சிட்டிருக்கும், பார்த்துச் சொல்.

2 காப்பர் சல்பேட் + 4 பொட்டாசியம் அயோடைடு → 2 குப்ரஸ் அயோடைடு ↓ + அயோடின் + 2 பொட்டாசியம் சல்பேட்

நான்கு அயோடைடில் இரண்டு காப்பரோடு போகின்றன, இரண்டு அயோடினாகின்றன. ஃபெரிக் உப்போடு அயோடைடு சேர்ந்தாலும் இப்படித்தான், ஃபெரிக் ஃபெரஸாக இறங்கும், அயோடின் வெளிவரும். ஆகவே அயோடைடைப் பார்த்தால், எதிரே இருக்கும் உலோக அயனிக்குக் கீழிறங்க இன்னொரு மின்சுமை உண்டா என்று முதலில் கேட்டுக்கொள். லெட் அயனிக்கு அந்தத் தொல்லை இல்லை, 2+ ஆகவே நின்று மஞ்சளாக விழுந்துவிடும்:

லெட் நைட்ரேட் + 2 பொட்டாசியம் அயோடைடு → லெட் அயோடைடு ↓ + 2 பொட்டாசியம் நைட்ரேட்

ஆய்வகத்தில் இதைச் செய்யும்போது ஆசிரியரிடம் கேட்டு, அந்த மஞ்சள் வீழ்படிவில் சிறிதளவை எடுத்து நிறைய நீர் விட்டுக் கொதிக்க வைத்துப் பார். நிறமற்ற கரைசலாகிவிடும். குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டுக் காத்திரு, அசைக்காதே. ஆறத் தொடங்கியதும் மேலிருந்து கீழ்வரை பொன்தகடுகளாக மின்னிக்கொண்டு இறங்கும். "கரையாது" என்று ஏட்டில் எழுதும் சொல்லுக்கு வெப்பநிலை என்று ஓர் எல்லை உண்டு என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியாது. லெட் நஞ்சு, கையைக் கழுவாமல் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காதே. கழிவைத் தொட்டியில் கொட்டாமல் அதற்கென்று வைத்திருக்கும் பாட்டிலில் ஊற்று.

கணக்குப்புலி எழுதியது:

டீச்சர், காப்பர் சல்பேட்டோடு சோடியம் கார்பனேட் என்றால்? காப்பர் 2+ தானே, 3+ இல்லை. காப்பர் கார்பனேட் என்றே எழுதலாமா?

வாலைவடிநீர் எழுதியது:

நல்ல கேள்வி, தம்பி. பள்ளித் தேர்வில் காப்பர் கார்பனேட் என்று எழுதினால் பெரும்பாலும் மதிப்பெண் கிடைக்கும். குழாயில் விழுவது பச்சை கலந்த நீல நிறக் காரக் கார்பனேட், கார்பனேட் பாதி, ஹைட்ராக்சைடு பாதி. கொஞ்சம் நுரைப்பும் இருக்கும். மாலகைட் என்ற பச்சைக் கனிமத்தின் சூத்திரத்தை வைத்துக்கொண்டால் சமன்பாடு இப்படி வரும்:

2 காப்பர் சல்பேட் + 2 சோடியம் கார்பனேட் + நீர் → காரக் காப்பர் கார்பனேட் ↓ + 2 சோடியம் சல்பேட் + கார்பன் டை ஆக்சைடு ↑

காரக் கார்பனேட் ஒன்றில் காப்பர் 2, ஹைட்ராக்சைடு 2, கார்பனேட் 1. கால்சியம், பேரியம் ஆகியவற்றோடு சோடியம் கார்பனேட் சேரும்போது இந்த வம்பு இல்லை, அங்கே கைடை நம்பலாம்.